பொக்குச் சத்தம்

பாலத்தை மூடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. மூடச் சொன்னவள் பாலத்துக்கு அடியில், இரும்புச் சாரத்தின் மேல் நின்றிருந்தாள்.

காலை ஆறரைக்கு வழக்கமான சோதனை. சிறிய சுத்தியலால் உத்திரத்தைத் தட்டிக்கொண்டே வந்தவள் நடுத்தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டாள். அதுவரை கணீரென்று பதில் சொன்ன கான்கிரீட், அந்த ஒரு முழ இடத்தில் மட்டும் காலி டப்பாவைப் போல ஒலித்தது.

பொக்குச் சத்தம்.

உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்கி, கான்கிரீட்டைத் தள்ளினால் அப்படித்தான் கேட்கும். அப்படியென்றால் இந்த இருபத்தாறு வருடப் பாலத்தை நம்பி இனி ஒரு சைக்கிளைக்கூட அனுப்ப முடியாது.

மறுபடி தட்டினாள். பத்து முறை தட்டினாள். பிறகு அலுவலகத்தைக் கூப்பிட்டு வண்டிகளை நிறுத்தச் சொன்னாள்.

இப்போது இரண்டு கரையிலும் ஹாரன். ஒரு பேருந்து ஓட்டுநர் தடுப்புவரை இறங்கிவந்து, அவள் இருந்த பக்கம் பார்த்துக் கத்தினார்.

“ஏம்மா, பாலத்துக்குக் காய்ச்சலா? மாத்திர கீத்திர குடுத்து எழுப்பி விடும்மா, நேரமாவுது!”

கரையில் சிரிப்பு. வேறு பாலமாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

அலுவலகத்தில் அவளுக்கு டொக்டொக் மேடம் என்று பெயர். சோதனைப் பிரிவுக்கு மாற்றியதிலிருந்து, பதினெட்டு வருடமாக அதுதான் வேலை. தட்டுவாள், கேட்பாள், ‘மாற்றமில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாள்.

போன மாதம் கூடப் படித்தவர்கள் ஒன்றுகூடினார்கள். ஒருத்தி விமான நிலையம் கட்டியிருந்தாள். ஒருவன் நாற்பது மாடி. “நீ?” என்று கேட்டார்கள். “நீங்க கட்டினத தட்டிப் பாக்குறேன்” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அதில் கேலி இல்லைதான். இருந்தும் வீடு வந்து சேரும்வரை, செருப்புக்குள் புகுந்த கல்லைப் போல அந்தச் சிரிப்பு உறுத்தியது.

கைப்பேசி அதிர்ந்தது. மேலதிகாரி.

“மேடம், ஒடச்சுப் பாத்து உள்ள ஒண்ணும் இல்லேன்னா என் தல உருளும். கூடவே உங்க தலயும்.”

“தெரியும் சார்.”

ஏதாவது இருந்தால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. அவள் அதைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை. தன் தலை உருண்டால்கூடப் பரவாயில்லை, உள்ளே ஒன்றும் இருக்கக் கூடாது.

கான்கிரீட் உடைக்க வரவழைத்திருந்த மெஷின்காரர் வேலையைத் தொடங்கினார். தூசி பறக்கிறது, கீழே இறங்கி நில்லுங்கள் என்றார். அவள் இறங்கவில்லை.

முதல் அடியிலேயே ஒரு முழ நீளத்துக்குத் தகடு ஒன்று பெயர்ந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தாள். அப்பளக் கனம். வெறும் பூச்சு. எந்தக் காலத்திலோ பெயின்ட் அடிக்க வந்தவர்கள் மேலாகத் தேய்த்துவிட்டுப் போன சிமென்ட், ஒட்டாமல் விலகி நின்றிருக்கிறது.

பின்னால் இருந்த கான்கிரீட்டைத் தட்டினாள். கணீரென்றது.

“அவ்வளவுதான மேடம், மூட்டையக் கட்டலாமா?”

“கம்பி தெரியிற வரைக்கும் ஒடைங்கண்ணே.”

அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உடைத்தார். இரண்டு விரல் ஆழம் போனது. கம்பி வரவில்லை. மூன்று விரல். மெஷினை நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்காவது விரலில் இரும்பின் ஓசை கேட்டது.

அவள் கைக்குட்டையால் துடைத்து, டார்ச்சை அருகில் பிடித்தாள்.

துளி துரு இல்லை. புதுக் கம்பிக்கட்டிலிருந்து அப்போதுதான் உருவி எடுத்ததைப் போலக் கருநீலமாக இருந்தது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நல்லவேளை, தூசி மேல் பழி போடலாம்.

“சார், நான் சொன்னது தப்பு. பாலம் கல்லு மாதிரி இருக்கு” என்று குழந்தை பிறந்த சேதி சொல்கிற குரலில் கைப்பேசியில் சொன்னாள். மறுமுனையில் அவர் கத்தியது மெஷின்காரருக்கே கேட்டது. “ஆமா சார், என் தப்புதான். எழுதிக் குடுத்துடறேன் சார்” என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்லி வைத்தாள்.

“வாங்கிக் கட்டிக்கிட்டும் இப்படிச் சிரிக்கிற ஆள இப்பத்தான் பாக்குறேன்” என்றார் மெஷின்காரர்.

தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். முதலில் அந்தப் பேருந்து வந்தது. அவள் உத்திரத்தில் உள்ளங்கையை வைத்தாள். மெல்லிய நடுக்கம் வந்து, கையைத் தாண்டி, அடுத்த கரைக்குப் போனது. பின்னாலேயே ஒரு பள்ளி வேன். ஒரு ஆம்புலன்ஸ். காய்கறி லாரி. தங்களை யார் தாங்குகிறார்கள் என்று யோசிக்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். இத்தனை வருடமும் இப்படித்தான் போயிருக்கிறார்கள். யாருக்கு என்று தெரியாமல், மனதுக்குள் நன்றி சொன்னாள்.

மெஷின்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டே இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாப் பாலத்துலயும் கம்பிக்கு மேல ரெண்டு வெரல் கனம்தான் இருக்கும் மேடம். இங்க எவனோ நின்னு, அளந்து, நாலு வெரல் போட்டு வெச்சிருக்கான், அதான் துரு அண்டல. என் இடுப்பே போச்சு. அந்த ஆளு மட்டும் கையில கெடச்சா நல்லா நறுக்குன்னு கேப்பேன்.”

“கேளுங்கண்ணே, நான்தான்” என்றாள். “யாராச்சும் கேக்க மாட்டாங்களான்னு இருபத்தாறு வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன்.”