ஐஸ் அலுமாரி முனகும் வேளை

“ஒருக்கா முனகும். உடம்பெல்லாம் குலுங்கும். பொறவு டக்குண்டு நிண்டுடும்,” என்றாள் ருக்கியா.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு அருகே இருந்த அந்த வீட்டில் அப்போது நால்வர் இருந்தார்கள். வீட்டுக்காரர் ஸெய்னுலாப்தீன் முதலாளி, வீதிக் கதவோரம் சாய்மனைக் கதிரையில். கம்பனி மெக்கானிக் வின்சன்ட், மேசைக்கு முன்னால், பேனையும் கடதாசியுமாக. உள்வாசல் திரைக்கு அப்பால், ஒரே பாயில், முதலாளியின் மனைவி ருக்கியாவும், முதலாளி ‘ராத்தா’ என்று கூப்பிடும் அவருடைய அக்கா றலியாவும்.

திரையை ஒட்டிய சுவரோடு நின்றது அந்த ஐஸ் அலுமாரி. மின்சாரத்தில் ஓடுவது, 1936இல் அந்த வீதியில் வேறு யாரிடமும் இல்லாதது. அதன் உச்சியில் பானை போல் உருண்டிருந்த கம்பிரஸர்தான் உயிர்நிலை என்று வின்சன்ட் முன்பே சொல்லியிருந்தான். இப்போது அது ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் அவனுக்குக் கஷ்டம். ஏற்கெனவே இரண்டு தடவை வந்து, காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணி வரை அதன் முன்னால் காவல் இருந்திருக்கிறான். ஒரு முனகல் கிடையாது. ‘பிழை ஒன்றுமில்லை’ என்று இரண்டு ரிப்போர்ட் அனுப்பினான். இரண்டு தடவையும் முதலாளியின் முறைப்பாடு பின்னாலேயே போனது. இன்றைய தபாலில் பிழையைக் கண்டுபிடித்து எழுத வேண்டும், இல்லாவிட்டால் கொழும்புக்கு வந்து ஸ்பானரும் குறடும் கொண்ட ஆயுதப் பையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கம்பனித் துரை எழுதியிருந்தார். வின்சன்ட்டுக்குக் கலியாணமாகி நாலு மாதம். அந்தக் கடிதத்தை அவன் மனைவி யோசப்பினிடம் காட்டவில்லை.

ஒவ்வொருவராக விசாரித்தான். நேரத்தையும் பக்கத்தில் குறித்துக்கொண்டான்.

ருக்கியா சொன்ன கோளாறு விடியற்காலையில், சுபஹ் தொழுகையை ஒட்டி வருவது. பாலெடுக்க வந்தால் மெஷின் ஊமையாக நிற்கும். அடியில் தண்ணீர் சொட்டியிருக்கும். பிறகுதான் முனகத் தொடங்கும். றலியா சொன்னது நடுப்பகலில். லுஹர் தொழுதுவிட்டுத் தண்ணீர் எடுக்க வந்தால் உச்சி ரொட்டிச் சட்டி மாதிரிச் சுடுமாம். முதலாளி இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கடையிலிருந்து பின்னேரம் தேநீருக்கு வருகிற அஸர் தொழுகை நேரத்தில்தான் அது நின்று போகிறதாம்.

“பொம்பளைங்க சொல்றத எழுத வேணாம், வின்சன்ட். சுபஹுக்கு அது நல்லாத்தான் இருக்கி. எனக்குத் தெரியும்.”

“லுஹருக்கும் ஒண்டுமில்ல,” என்றாள் ருக்கியா. “மதினிக்கு என்ட கை பட்ட சாமான் எல்லாமே சுடும்.”

“அஸருக்கு நிக்கிதாம்,” என்று றலியா சிரித்தாள். “எங்கட தம்பிக்குப் பசி வந்தா உலகமே நிண்டுடும்.”

வின்சன்ட் எழுதியதைத் திரும்பப் படித்தான். கம்பிரஸர் தேய்ந்திருந்தால் எந்நேரமும் முனக வேண்டும். வாயு கசிந்திருந்தால் மணக்க வேண்டும். கரண்ட் குறைந்திருந்தால் வீட்டு விளக்கு மங்க வேண்டும். எல்லாவற்றையும் பார்த்துவிட்டான். மணிக்கூடு பார்த்து நோய்ப்படுகிற மெஷினை அவன் கேள்விப்பட்டதே இல்லை. மிச்சம் இருந்தது ஒரு சந்தேகம். ஓடுகிற மோட்டரை நிறுத்தி, சற்று நேரத்தில் திருப்பிப் போட்டால் அது முக்கும், சுடும், தானாக அணைந்தும் போகும்.

“யாராச்சும் சுவிச்சுல கை வைக்கிறீங்களாங்க?”

மெஷினைக் கொண்டுவந்து பூட்டிய நாளிலேயே, தொடக்கூடாது என்று அவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போன சுவிச் அது. மூவரும் இல்லை என்றார்கள். கொஞ்சமும் யோசிக்காமல், ஒரே மூச்சில்.

அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? மணி மூன்றைத் தாண்டிவிட்டது. கண்டித் தபாற்கந்தோருக்குக் கடிதம் கொண்டுபோகும் பஸ் வரப்போகிறது. வின்சன்ட் பேனையை மையில் தோய்த்தான். பொய்யாக ஒரு பிழையை எழுதி வேலையைக் காப்பாற்றலாம்தான். கை வரவில்லை.

‘கம்பிரஸரில் பிழை இருப்பது உண்மை. மூன்று பேர் மூன்று வேளையில் கண்டிருக்கிறார்கள். அது எங்கே என்று கண்டுபிடிக்க எனக்கு அறிவு போதவில்லை. இந்த மெஷினுக்குப் பதில் வேறு மெஷினும், எனக்குப் பதில் வேறு ஆளும் அனுப்பிவைக்கவும்.’

முதலாளிக்கு வாசித்துக் காட்டினான். அவர் வருத்தத்தோடு தலையாட்டினார். நல்ல பிள்ளை, வேறு கம்பனி பார்த்துக்கொள்ளலாம் என்றார். றலியா திரையின் ஓரத்தால் ஒரு கோப்பை தேநீர் நீட்டினாள்.

கடித உறையைப் பசை தடவி ஒட்டினான். வாசலில் பஸ் ஹோர்ன் கேட்டது. ஓடிப்போய்க் கண்டக்டர் கையில் கொடுத்தான். பஸ் பாலத்தில் ஏறி, அப்பால் மறையும்வரை நின்று பார்த்துவிட்டு, ஆயுதப் பையை எடுக்கத் திரும்பி வந்தான்.

பள்ளிவாசலில் அஸர் பாங்கு கேட்டது. அவன் வாசற்படியில் கால் வைத்தபோது மெஷினின் சத்தம் சட்டென்று நின்றது. திரையின் ஓரத்தால் நீண்ட றலியாவின் கை இன்னும் சுவிச்சின் மேல்தான் இருந்தது.

“பாங்கு சொன்னா கடை ஆக்களுக்கே வேலய நிப்பாட்டுறோம்,” என்றாள் அவள், பிடிபட்ட வெட்கத்தோடு. “வாயில்லாத சாமான், ராப்பகலா ஓடுது. தொழுது முடியுமட்டும் அதுவும் கொஞ்சம் இளைப்பாறட்டுமே. ஒரு நாளைக்கு ஒருக்காத்தான், அதுவும் அஸருக்கு மட்டும்.”

ஸெய்னுலாப்தீன் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். “ராத்தா, அதுக்காகத்தானே நான் சுபஹுக்கு நிப்பாட்டுற?”

திரைக்குப் பின்னாலிருந்து ருக்கியா மெதுவாகச் சொன்னாள்:

“லுஹருக்கு நான்.”