வெள்ளை ஸ்கைலைன்

திரையில் சிவப்பு விளக்கு பச்சையாவதற்குள் செமிசியின் கட்டைவிரல் வியர்த்துவிட்டது.

தோற்பவன் காரை ஜெயிப்பவனிடம் கொடுத்துவிட வேண்டும். இந்த கார் ரேஸ் வீடியோ விளையாட்டில் ஒரு கார் கைமாற வேறு வழி கிடையாது. விற்க முடியாது. பரிசாகவும் தர முடியாது.

செமிசி பணயம் வைத்தது வெள்ளை ஸ்கைலைன் கார். எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. பின்சிறகு, சக்கரம், இடது கதவின் நீளக் கீறல் என்று அண்ணன் மாக்காவின் நிஜக் காரை அப்படியே திரையில் எழுப்பியிருந்தான்.

தெருவில் ரேஸ் ஓட்டியதற்காக நிஜக் காரைப் போலீஸ் பறிமுதல் செய்து, இரும்புக் கட்டியாக நசுக்கிப் போட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. அந்த வாரமே மாக்கா ஆக்லாந்தை விட்டு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டான். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

"உன் காரை நான்தான் ஓட்டுறேன். முடிஞ்சா புடுங்கிக்கோ" என்று செமிசி எழுதிய பிறகுதான் இன்று பிரிஸ்பேனிலிருந்து ஆன்லைனில் வந்திருக்கிறான்.

சர்ச்சும் சாப்பாடும் முடிந்த ஞாயிறு மதியம். அம்மா உள்ளே தூங்கினாள். ஞாயிற்றுக்கிழமை விளையாடுவது தெரிந்தால் கேம் பெட்டியைத் தெருவில் வீசிவிடுவாள். செமிசி ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

பச்சை.

முதல் வளைவிலேயே முந்தினான். பாலத்தில் இரண்டு கார் நீளம் முன்னால் இருந்தான். மாக்காவின் மூச்சு மட்டும் காதில் கேட்டது.

கடைசி நேர்சாலை. ஸ்கைலைன் அலறியது, வேகம் ஏறவில்லை. மாக்கா பக்கத்தில் வந்தான். தாண்டிப் போனான்.

"டேய் பன்னி, டாப் கியர இவ்ளோ குட்டையாவா வைப்பாங்க? உனக்கு இன்னும் ஒரு கார செட் பண்ணத் தெரியல."

"தெரியலண்ணே."

காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும் முன் அந்தக் கியரைக் குறைத்து, மூன்று முறை ஓட்டிப் பார்த்து, வண்டிக்கு எங்கே மூச்சு முட்டுகிறது என்று உறுதிசெய்த பிறகுதான் செமிசி சட்டை மாற்றினான். சும்மா கொடுத்தால் மாக்கா வாங்க மாட்டான்.

ஸ்கைலைன் மாக்காவின் கராஜுக்குள் போய் நின்றது. மாக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை.

போலீஸ் வாசலில் வந்து நின்ற காலையில், "நான்தான் ஓட்டினேன்" என்று சொன்னது மாக்கா. முந்தைய இரவு முழுக்க அவன் இதே அறையில் காய்ச்சலில் கிடந்தான்.

அந்த இரவு கார் சாவி செமிசியின் பாக்கெட்டில் இருந்தது.