கதவைச் சாத்தாத விண்கலம்

பல் டாக்டருக்குக் காதில் புகை வந்தது.

மனைவி பாதியில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போன நாவல் அவர் கையில் இருந்தது. ஒரே ஒரு வரிக்கு மட்டும் பென்சில் கோடு.

மதிய நேரம். கிளினிக்கில் ஒருவரும் இல்லை. பின்னறைக் குழாயடியில் அவள் சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கதை என்னவோ வேற்றுக் கிரகத்தில்தான் நடந்தது. தளபதி விண்கலத்தைவிட்டு இறங்கப் போகிறான். சுவரிலிருந்து ஒரு குரல், முகமே இல்லாத குரல், சொல்கிறது: ‘போங்கள். ஆனால் கதவைச் சாத்தாமல் போங்கள்.’

காற்றே இல்லாத கிரகத்தில் கதவைச் சாத்தாமல் போனால் உள்ளே இருப்பவர்கள் கதி என்ன ஆகும்? எந்த மடையனுக்கும் தெரியும். தெரிந்தும் எழுதியிருக்கிறான் என்றால் அது விண்கலத்துக்காக எழுதிய வரியே இல்லை.

கல்லூரியில் போட்ட பழைய அரண்மனை நாடகத்தின் வரி அது. போருக்குக் கிளம்பும் ராஜாவிடம் ராணி சொல்வது. ராணி, இப்போது டப்பா கழுவுகிறவள். ராஜா, இந்த நாவலை எழுதியவன்.

இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் அந்தக் கிரீடத் தலையன் வீட்டுக்குள் நுழையப் பார்க்கிறான். அதுவும் ராக்கெட்டில் ஏறி வந்து!

ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அவள் வந்தாள்.

“ஐயா இன்னும் உன்னை மறக்கல போலிருக்கே?”

சிரித்தபடி கேட்பதாக அவருக்கு நினைப்பு. பல்லைக் கடித்த சத்தம் அவருக்கே கேட்டது.

அவள் புத்தகத்தை வாங்கினாள். பென்சில் கோட்டையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அன்னிக்கு எனக்கு இந்த வரி வரவே இல்லீங்க. வாயை மட்டும் அசைச்சுட்டு நின்னேன். திரைக்குப் பின்னால உட்கார்ந்து வசனம் எடுத்துக் குடுத்தீங்களே, உங்க குரல்தான் அவருக்குக் கேட்டுச்சு.”

அன்று டாக்டர் எத்தனையோ பேருக்கு எத்தனையோ வரி எடுத்துக் கொடுத்திருந்தார். யார் கணக்கு வைத்தது?

“அவர் எழுதின ஒண்ணு விடாம படிச்சுட்டேன். எதுலயாவது நான் இருப்பேனான்னு. கடைசியில பார்த்தா, நீங்க வந்து நிக்கிறீங்க.”

அதன் பிறகு அன்று முழுவதும் அவள் அவரோடு பேசவில்லை.