மாற்றிக்கொள்ளும் வசதி

“அழகெல்லாம் முக்கியமில்லீங்க. நாம சொன்னபடி கேக்கணும், அவ்வளவுதான்” என்றான் கலையரசன்.

பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை இப்படிச் சொன்னதும், பெண்ணின் அம்மா கஸ்தூரி, நீட்டிய பஜ்ஜித் தட்டைப் பாதியில் நிறுத்தினாள். கலையரசனின் அம்மா சந்திரம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். வேங்கிக்காலில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுகூடச் சொல்லியிருந்தாள்: “அந்தக் கம்ப்யூட்டர் பேச்சை மட்டும் எடுக்காதடா.”

“ஐயோ, பொண்ணைச் சொல்லலீங்க. எடிட்டரைச் சொன்னேன்.”

“எந்தப் பேப்பர் எடிட்டர் தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா சகாதேவன். “நாம சொன்னா அவங்க எங்க கேக்கறாங்க? நம்ம தெருவுல லைட்டு எரியலைனு எழுதிப் போட்டேன், ஒரு வரி வரல.”

அது பேப்பர்காரர் இல்லை, புரோகிராம் எழுதுகிற சாஃப்ட்வேர் என்று விளக்க வேண்டியதாயிற்று. பெண் இனியா, காலேஜில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள். எந்த எடிட்டரில் எழுதுகிறீர்கள் என்று முதல் கேள்வியாக இவன்தான் கேட்டுவைத்தான். பார்க்க அழகாயிருக்கும் ஒன்றை அவள் சொல்லிவிட்டாள். அவனால் பொறுக்க முடியவில்லை.

இதுவரை போன வீடுகளிலெல்லாம் “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. சென்னையில் நல்ல வேலை, கெட்ட பழக்கம் கிடையாது. தன்னிடம் என்ன குறை என்று அவனுக்கு விளங்கியதே இல்லை. இனியாவைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. இந்த இடமாவது அமைய வேண்டுமே என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறந்தான்.

“நான் வச்சிருக்கிறது வந்த புதுசுல சகிக்காதுங்க. ஆனா பொறுமையா உக்காந்தா எல்லாத்தையும் மாத்திக்கலாம்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு பிளாப்பியை எடுத்துக் காட்டினான். மாற்றியதெல்லாம் அதில் இருந்தது. போகிற இடமெல்லாம் கூடவே போகும்.

இனியா நிமிர்ந்து உட்கார்ந்தாள். “தப்பா எதையாவது தொட்டா கத்துமா?”

“கத்தும். ஒரு வரி எழுதிட்டா அடங்கிடும்.”

“தினம் தினம் சொல்லணுமா, ஒரு தடவை சொன்னா ஞாபகம் வச்சுக்குமா?”

“ஒரு தடவை போதுங்க. ஆயுசுக்கும் மறக்காது.”

“கலர்கூட மாத்தலாமா?” அவள் பார்வை அவனுடைய கிளிப்பச்சைச் சட்டையில் கொஞ்சம் நின்றது.

“தாராளமா.”

“முழுசா நம்ம வழிக்கு வர ரொம்ப நாளாகுமோ?”

“ஆளைப் பொறுத்ததுங்க. எனக்கு இன்னும் முடியல.”

கம்பெனியில் அவன் எடிட்டர் என்று ஆரம்பித்தாலே டீ குடிக்க எழுந்து போய்விடுவார்கள். இப்படி அக்கறையாக ஒருத்தி கேட்டதும் அவனுக்குக் கால் தரையில் இல்லை. பஜ்ஜி ஆறும்வரை பேசினான். ஆறிய பிறகும் பேசினான்.

“போதும் எழுந்திருடா. பௌர்ணமி, கிரிவலக் கூட்டம் ஜாஸ்தியாயிடும். பஸ்ல கால் வைக்க முடியாது” என்று சந்திரம்மாள்தான் அவனைக் கிளப்பினாள்.

கை கழுவப் பின்பக்கம் போனான். சமையலறை ஜன்னல் வழியாகக் கஸ்தூரியின் குரல் கேட்டது.

“ஏண்டி, ஆளு ஒரு மாதிரியா இருக்கானே. வந்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது?”

குழாயை மெல்ல மூடிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான் கலையரசன்.

“சரினு சொல்லிடும்மா” என்றாள் இனியா. “உக்காந்து மாத்திக்கலாம்.”