சாம்பியன் கப்

"அதைத் தொடாதே ரொஷேல்! சோடா பட்டால் வெள்ளி செத்துப்போகும்!"

ரெனால்ட் குசினி வாசலில் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கத் தொடங்கிவிட்டது. மகள் ரொஷேல் அசையவே இல்லை. கறுத்துப்போன வெள்ளிக் கப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் பேசினுக்குள் அலுமினியத் தாளை விரித்து, அப்பச்சோடாவும் உப்பும் தூவி, கேத்திலில் கொதித்த தண்ணீரைச் சரித்தாள்.

"அப்பா, இதுதான் பாதுகாப்பான வழி. பற்பசை போட்டுத் தேய்ச்சால்தான் கீறல் விழும். இதில தேய்க்கவே தேவையில்லை. தாளில முட்டிக்கொண்டு கிடந்தால் கறுப்புத் தானாப் போயிரும்."

போய்விடும் என்பதுதானே அவருடைய பிரச்சினை!

கொட்டாஞ்சேனையில் அந்தக் கப்பைத் தெரியாத ஆள் இல்லை. இளமையில் துறைமுக ஊழியருக்கான, பலகையில் காய் சுண்டும் கரம் போட்டியில் எடுத்தது. பெண் பார்க்கப் போனபோதே ரெனால்ட் அதைக் கையோடு கொண்டுபோய், தான்தான் சாம்பியன் என்று சொல்லிவிட்டார். மனைவி றஞ்சிதமும் இன்றுவரை கொச்சிக்கடைக் கோயில் முற்றத்தில் காண்கிறவர்களிடமெல்லாம், "என்ட மனுசன் சாம்பியன்" என்று சொல்லிக்கொண்டுதான் திரிகிறாள்.

உண்மையில் அதில் 'ரன்னர்-அப்' என்று வெட்டியிருந்தது. பெண் பார்த்த அன்றைக்கே கப் எழுத்துத் தெரியாதபடி நன்றாகக் கறுத்திருந்தது, கடவுள் கிருபை.

நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சவுந்தரநாயகம் ஒரு கரம் பைத்தியம். "சாம்பியனோடயும் கப்போடயும் ஒரு போட்டோ எடுக்கவேணும்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். சம்பந்திக்கு முன்னால், அதைவிட றஞ்சிதத்துக்கு முன்னால், முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"வீட்டு வெள்ளியெல்லாம் அம்மா பளிச்செண்டு வச்சிருக்கிறா. மாதா சுரூபத்தின்ட முடி, கரண்டி, எல்லாம். இது மட்டும் கரிச்சட்டி மாதிரிக் கிடக்கு. வெட்கமாயில்லையா?"

"கறுப்புத்தான் பிள்ளை அதுக்கு மரியாதை! பழசெண்டு தெரியவேணும்!"

கப் தண்ணீருக்குள் இறங்கியது. நுரை பொங்கி, கெட்ட மணம் ஒன்று கிளம்பியது. ரெனால்ட் அந்தோனியாரைக் கூப்பிட்டார். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற புனிதர் அவர்; மறைத்துத் தாரும் என்று கேட்டால் பாவம், என்ன செய்வார்?

அந்த நேரம் பார்த்து றஞ்சிதம் மார்க்கெட் பையோடு உள்ளே வந்தாள். பேசினைப் பார்த்தாள். புருசனின் முகத்தைப் பார்த்தாள்.

"ரொஷேல், உன்ட பிளவுஸ் தைச்சு முடிஞ்சுதாம். டெய்லர் கடை பூட்ட முதல் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வா."

"கப்?"

"அதை நான் பாக்கிறன். நீ போ."

மகள் போனதும் றஞ்சிதம் இடுக்கியால் கப்பைத் தூக்கினாள். பைப்பில் கழுவி, மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்தாள். கப் மின்னியது. எழுத்துகளைக் கண்ணாடி போடாமலே வாசிக்கலாம்.

"றஞ்சி... நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்..." மனுசனுக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது.

றஞ்சிதம் பையிலிருந்து இரண்டு முட்டையை எடுத்துச் சட்டியில் போட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

"இப்ப முட்டை எதுக்கு?"

"அவிச்சுப் பிளந்து, சூட்டோட கப்பையும் அதையும் ஒரு பைக்குள்ள வச்சுக் கட்டினால், விடியக்குள்ள பழையபடி கறுத்திரும். பிள்ளை கேட்டால் சோடா சரிவரேல்லை எண்டு சொல்லுவம்."

ரெனால்ட் வாயைப் பிளந்தார். "உமக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?"

"இவ்வளவு வருசமும் இதைக் கறுப்பாவே வச்சிருந்தது ஆரெண்டு நினைச்சீங்க?"