வீட்டில் மாட்டிய சோஃபா

டாக்டர் வாய் திறக்காமல் அட்டையைக் காட்டினார். எதிரே இருந்தவர் அதிலிருந்த வடிவத்தைக் கட்டைகளால் மளமளவென்று அடுக்கினார். மொழியே தேவைப்படாத அறிவுச் சோதனை அது.

புது உதவியாளர் கிசுகிசுத்தாள். "இவருக்கு நம்ம பாஷை தெரியாதா மேடம்?"

"நல்லாவே தெரியும்."

"காது கேக்காதா?"

"பாம்புக் காது."

"அப்புறம் எதுக்கு இந்தச் சோதனை?"

"புது சோஃபாவைச் சாய்ச்சாத்தான் வாசல்ல நுழையும்னார். நான் நேரா இழுத்தேன், மாட்டிக்கிச்சு. அந்தக் கோபத்துல, உங்களுக்கு மூளை இருக்கான்னு கேட்டுட்டேன். அன்னிலேருந்து எங்களுக்குள்ள பேச்சில்ல. இன்னிக்கு டோக்கன் போட்டு வந்து உக்காந்திருக்கார், என் வீட்டுக்காரர்."

உதவியாளர் விடைகளைச் சரிபார்த்தாள். "எல்லாமே சரி மேடம்."

டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு கணவரைப் பார்த்தார்.

"ஏங்க, எந்தப் பக்கம் சாய்க்கணும்?"