குறிப்புக் கட்டம்

"எழுதணுமா, வேண்டாமா? நீ படிச்சவன், நீயே சொல்லு" என்றாள் அக்கா.

தம்பி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான்.

மதிய இடைவேளை. அளவீட்டு மையத்தில் அவர்களைத் தவிர யாரும் இல்லை. மூலையில் அந்த எந்திரம் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. ஒரு சிட்டிகைத் தூளை வைத்தால், அதில் எவ்வளவு காந்த சக்தி இருக்கிறது என்று வரைபடம் போட்டுத் தரும். பதினெட்டு வருடமாக அதை இயக்குபவள் அக்கா. தம்பி இரண்டு தெரு தள்ளி ஓர் ஆய்வுக்கூடத்தில் காந்த நுண்துகள்கள் செய்பவன். சட்டையில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருப்பதால், அக்காவுக்கு அவன் 'தூள் டாக்டர்'.

விஷயம் இதுதான். யாரோ துத்தநாக ஃபெரைட் தூள் அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக அது காந்தத்துக்கு லேசாகத்தான் அசையும். இது துள்ளியது. சந்தேகப்பட்டு நுண்ணோக்கியில் பார்த்தபோது, பழுப்புத் துகள்களுக்கு நடுவே பளபளவென்று இரும்புச் சீவல். உலையில் சுட்ட தூள் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பிளாஸ்டிக் கரண்டியால் பொறுமையாகச் சுரண்ட வேண்டும். யாரோ அவசரத்தில் ஸ்டீல் கத்தியை வைத்துச் சுரண்டியிருக்கிறார்கள். துள்ளியது தூள் இல்லை, அந்தச் சீவல்.

"நம்பர் என்ன?" என்று நிமிராமலே கேட்டான் தம்பி.

அக்கா சொன்னாள். புட்டியில் நம்பர் மட்டும்தான் இருக்கும். அளப்பவர் யாருக்கும் தயவு காட்டிவிடக் கூடாது என்று, பெயர்களை அலுவலகம் தனியே பூட்டி வைத்திருந்தது.

தம்பி வெகுநேரம் பார்த்தான்.

"எழுது" என்றான்.

அக்காவுக்கு மனசு வரவில்லை. வரைபடத்தை மட்டும் கொடுத்தால் போதும். அதன் கீழே இருக்கும் குறிப்புக் கட்டத்தை நிரப்பச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. புட்டியோடு, பெயர் போடாமல், ஒரு பேராசிரியரின் சீட்டும் வந்திருந்தது: 'என் ஆய்வாளரின் மூன்று வருட உழைப்பு. அடுத்த வார நேர்காணலுக்குள் முடிவு தேவை.'

"தப்பு பண்ணணும்னு பண்ணின மாதிரி தெரியலடா. யார் வீட்டுப் பிள்ளையோ, பாவம். பின்னாடி அதுவே கண்டுபிடிச்சுத் திருத்திக்கும்."

"வேலை கிடைச்சப்புறம் யாருக்கா திரும்பிப் பார்ப்பாங்க?"

அது என்ன தூள் என்று அவன் விளக்கினான். புற்றுக்கட்டியில் ஊசியால் ஏற்றி, வெளியே காந்தப்புலம் கொடுத்து, கட்டியை மட்டும் சூடாக்கி அழிப்பதற்கானது. இந்த முடிவை வைத்து ஆய்வுக் கட்டுரை வெளிவந்துவிட்டால், அதை நம்பி ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி அடுத்த கட்ட வேலையில் இறங்கிவிடும். இரும்புச் சீவலை நம்பி.

அக்கா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றியவள் நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. இந்தச் சீட்டுல இருக்கற நேர்காணலும் நீ போகப் போறதும் ஒண்ணுதானே?"

"ஆமா."

"ஒரே இடம்தான் காலின்னு சொன்னே."

"ஆமாக்கா."

அவள் அவனையே பார்த்தாள். ஆறு வருடமாக அவனுக்குத் தற்காலிக வேலை. இந்த இடம் கிடைத்தால்தான் கல்யாணப் பேச்சையே எடுக்க முடியும் என்று அவளும் காத்திருந்தாள். ஆனால் அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். இப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை.

"அதான் எழுது எழுதுன்னு நிக்கறியா? போட்டிக்கு வர்றவன் காலை வார என் கைதான் கிடைச்சுதா உனக்கு?"

தம்பி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"என்னைப் பத்தி என்ன வேணா நினைச்சுக்கோ. கட்டத்தைக் காலியா மட்டும் விடாதே."

அக்கா தாளை இழுத்தாள். பார்த்ததை இரண்டு வரியில் எழுதினாள், கையெழுத்துப் போட்டாள், முத்திரை குத்தினாள், அனுப்ப வேண்டிய தட்டில் வைத்தாள். அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"கிளம்பு. சாப்பிட்டுட்டுப் போன்னு சொல்ல இன்னிக்கு எனக்கு வாய் வரல."

தம்பி படி இறங்கி வெளியே வந்தான். வெயிலில் நின்று போனை எடுத்தான். மறுமுனையில் அவனுடைய பேராசிரியர்.

"சார், நாம அனுப்பின தூளோட ரிப்போர்ட் சாயங்காலம் வந்துடும். கட்டுரையை நிறுத்திடுங்க. அவசரத்துல ஸ்டீல் கத்தியை எடுத்துட்டேன் சார், தப்பு என்னோடதுதான். நேர்காணலுக்கும் நான் போகல."

பேராசிரியர் ஏதோ கேட்டார். தம்பி மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தான்.

"இல்ல சார், அக்காகிட்ட சொல்லல. சொல்லியிருந்தா எழுதியிருக்க மாட்டா."